ஆயாக் கொட்டகையில் படுத்திருந்த கல்

மார்ச் 1, ஞாயிறு

காலையிலேயே வெயில் தகரத்தில் இறங்கிவிட்டது. மழை பெய்து ரொம்ப நாளாயிற்று. மிச்சமிருக்கும் நாலு ரப்பர் மரங்களும் இலை உதிர்த்து நிற்கின்றன. அந்தச் சருகு முழுக்க நம் அருங்காட்சியக வாசலுக்குத்தான் வந்து சேரும் போல. கூட்டிக் கூட்டி இடுப்பு போயிற்று.

வெள்ளிக்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி அம்மா, புவான் ரொஹானா, வருகிறார். அதற்குள்:

– பின்கதவில் கறையான்
– ரப்பர் பால் பிடித்த மங்குக் கிண்ணங்கள் எல்லாம் கழுவ
– தோளில் வாளி தூக்கின காண்டா கம்புக்கு எண்ணெய்
– தொட்டில் கொக்கிகளில் ஒட்டடை
– மின்விசிறி கத்துகிறது. இவரிடம் சொல்ல. (இவர் என்றால் வேறு யார், வீட்டுக்காரர்தான்.) சொல்லி என்ன. 'பாப்போம்லா' என்பார்.

எல்லாம் வெள்ளிக்கிழமையை வைத்துத்தான். தோட்டத்தை வாங்கின கம்பெனி லயங்களை, வேலையாட்கள் குடியிருந்த நீள வீடுகளை, எல்லாம் இடித்துவிட்டது. எல்லோரும் தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் வரிசை வீடுகளுக்குக் குடிபோயாயிற்று. நிற்பது இந்த ஆயாக் கொட்டகை ஒன்றுதான். ரப்பர் பால் வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன இடம். கடைசி ஆயா என் அம்மா. இப்போது சாவி என்னிடம், பழைய தோட்டச் சாமான்களை வைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறேன். புவான் 'இது கேலரி' என்று எழுதிக் கொடுத்தால் கம்பெனி கொட்டகையைத் தொடாது. எழுதாவிட்டால் புல்டோசர்.

போனில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கேலரி என்றால் கேலரி மட்டும். வழிபாட்டிடம் என்ற பேச்சு வந்துவிட்டால் அது வேறு இலாகா, வேறு கோப்பு, அவர் கையில் இல்லை. "பூஜை கீஜை ஒன்றும் இல்லை புவான், மங்கும் வாளியும்தான்" என்றேன். நிம்மதியாகத்தான் சொன்னேன். உண்மையும் அதுதானே. மத்தியானம் வரைக்கும்.

மத்தியானம் ஒருத்தி வந்தாள். காந்திமதி. காஜாங்கில் தையல் கடை வைத்திருக்கிறாளாம். கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய கார். கீழ் லயத்தில் பிறந்தவள், சின்ன வயதிலேயே குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது. நான் மேல் லயம், அதனால் அவ்வளவாக ஞாபகம் இல்லை. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள் இருப்பாள். எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தாள். ஜன்னலோரப் பலகைக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இத ஏன் படுக்க வச்சிருக்கீங்க?"

"எத?"

"முனியாண்டிய."

அட்டையில் என் கையெழுத்து: 'கத்தி தீட்டும் கல். கீழ் லயம்.' லயம் இடித்தபோது கால்வாயில் கிடந்ததை இவர்தான் லோரியில் ஏற்றி வந்தார். முழங்கை நீளம். நடுவில் வழவழவென்று ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் யாரும் தீட்டுகல் என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

"தீட்டுகல்லுதாங்க்கா. சாமியும் அதேதான். இலை உதுந்து, தழைஞ்சி, திருப்பி மரத்துல பால் வெட்ட ஆரம்பிக்கிற அன்னிக்கி, மொத மரத்துக்குப் போறதுக்கு முன்னால எல்லாரும் கத்திய இதுல ஒரு இழுப்பு இழுப்பாங்க. ஒரே ஒரு இழுப்பு. வேலைக்கிப் போறேன், பாத்துக்கன்னு. எங்கப்பாவும் இழுப்பாரு, அம்மாவும் இழுப்பாங்க. நான் எலுமிச்சம்பழத்தப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன்."

அவள் செருப்பு வாசலில் கிடந்தது. எப்போது போய்க் கழற்றினாள் என்று நான் பார்க்கவில்லை. நான் என் செருப்போடு நின்றிருந்தேன். என்னவோ போலிருந்தது. மெதுவாகக் காலைச் செருப்பிலிருந்து உருவிக்கொண்டேன்.

மேல் லயத்தில் எங்களுக்கு மாரியம்மன் கோயில். கீழே இப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. அம்மாவும் பால் வெட்டினவள் இல்லை. தெரியாமல் செய்ததுதான். இருந்தாலும் சாமியைப் படுக்கப் போட்டு, மேலே அட்டை ஒட்டி, வாரா வாரம் ஈரத்துணியால் துடைத்து வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது காந்திமதி படம் எடுத்துக்கொண்டாள். எடுக்காதே என்று எந்த வாயால் சொல்வது.

மார்ச் 2, திங்கள்

எதிர்பார்த்ததுதான். தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் படம். காலையிலிருந்து போன் துள்ளிக்கொண்டே இருக்கிறது. கும்பிடும் கை, கும்பிடும் கை, கும்பிடும் கை. நடுவில் யாரோ தப்பாகப் பிறந்தநாள் கேக் போட்டிருக்கிறார்கள்.

சாயந்தரம் வேலை விட்டதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இந்த இடத்தைத் திறந்ததிலிருந்து இப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. வா வா என்று கூப்பிட்டபோது யாரும் வரவில்லை. இப்போது போங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எலுமிச்சம்பழம், வெற்றிலை, சுருட்டு. ஒரு அம்மாள் என் காண்டா கம்பின் மேல் மாலையை மாட்டிவிட்டாள். இன்னொருத்தி சூடத்தை மங்கில் வைத்துக் கொளுத்திவிட்டாள். அந்த மங்கை நேற்றுத்தான் புளி போட்டுத் தேய்த்திருந்தேன்.

வாய்விட்டுக் கத்திவிட்டேன். "இது மியூசியம், கோயில் இல்ல. சூடம் கொளுத்துனீங்கன்னா கட்டடத்தயே இடிச்சிருவாங்க."

"சாமி இருக்கறப்ப எவன் இடிப்பான்?" என்றாள் அந்த அம்மாள்.

 தோட்டங்களில் சாமி இருந்தும் இடித்த கதை எத்தனை கேட்டிருக்கிறோம். மங்கைத் தேய்க்கப் போனேன். கரி போகவில்லை.

சாப்பிடும்போது இவரிடம் புலம்பினேன். "எல்லாம் சரியாப் போவும்லா" என்றார். கருவாட்டுக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

மார்ச் 4, புதன்

அதே வெயில். ஒரு சொட்டு மழை இல்லை.

காந்திமதியைப் போனில் கூப்பிட்டுப் பாதி சண்டை, பாதி கெஞ்சல். நீ பற்ற வைத்தது, நீயே அணை என்றேன். குழுவில் எழுதினாள்: வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் சூடம், பழம் கொண்டு வரவேண்டாம், சும்மா வந்து பார்க்கலாம். எல்லோரும் சரி என்றார்கள். கும்பிடும் கை போட்டுத்தான் சரி என்றார்கள்.

அதோடு விடவில்லை. கடையை ஆளிடம் விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "வாங்கக்கா, அது நின்ன எடத்தக் காட்டுறேன்."

கீழே ஓடைப் பக்கம் போனோம். இப்போது எல்லாம் செம்பனை, எண்ணெய்ப் பனை. முள் குத்துகிறது. பாம்பு பயம் வேறு எனக்கு. காந்திமதி முன்னால் வேகமாகப் போகிறாள், நின்று திரும்பிப் பார்க்கிறாள், மறுபடி போகிறாள். வழி தவறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கையை நீட்டினாள்.

செம்பனைக்கு நடுவில் ஒரு முருங்கை மரம். கிழட்டு மரம், ஒரு பக்கம் முறிந்து மறுபக்கம் தழைத்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு புளி. கம்பெனிக்காரன் எவனும் செம்பனைக்கு நடுவில் முருங்கை நட மாட்டான். காலால் சருகைத் தள்ளினால் வரிசையாகக் கரிந்த கற்கள். அடுப்பு. ஓடையோரமாக அப்படியே போகிறது அடுப்பு வரிசை.

"மொதமொதல்ல வந்தவங்க இங்கதான் குடிசை போட்டாங்கன்னு எங்கப்பா சொல்வாரு. அதுக்கு அந்தாண்ட பூராக் காடு. புலியிருந்த காடு. அதனாலதான் கடைசிக் குடிசைக்கிப் பக்கத்துல காவலுக்கு இவர நட்டாங்க. லயம் கட்டி மேல போனப்புறமும் இவர நவுத்தல. செம்பனை நட வந்த எந்திரந்தான் கால்வாயில தள்ளியிருக்கும்."

 அருங்காட்சியகத்தில் உள்ளே நுழைந்ததும் முதல் பலகையில் நானே எழுதி வைத்திருக்கிறேன்: 'முதலில் வந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று தெரியவில்லை.' அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் பல்லில் நார் மாட்டிக்கொண்டது போல இருக்கும். கணக்கெழுதின கிராணி, வெள்ளைக்காரத் துரை எல்லோருடைய பங்களாவும் எங்கே இருந்தது என்று தெரியும். நம் ஆட்கள் முதல் சோறு பொங்கின இடம் மட்டும் தெரியாது. இதோ, என் காலுக்குக் கீழே. சந்தோஷத்தில் காந்திமதியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை சில்லென்று இருந்தது.

திரும்பும்போதுதான் அதைப் பார்த்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் சிவப்பு நாடா கட்டின குச்சிகள். கம்பெனியின் சாலைக்கு அளந்தது. அந்தப் பக்கம்தான், இந்தப் பக்கம் இல்லை. இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

காந்திமதி காரில் ஏறும்போது சொன்னாள்: "காவலுக்கு வச்ச ஆள உள்ள வச்சிப் பூட்டிட்டீங்க. அப்புறம் யாருக்கா காவல்?"

கார்க் கதவைச் சாத்திவிட்டேன். வெள்ளி முடியட்டும்.

மார்ச் 5, வியாழன்

காதர் பாய் கடையில் நாளைக்குப் போண்டாவும் தேநீரும் சொல்லியிருந்தேன். அவரே போன் செய்தார்.

"என்னா தங்கச்சி, நோன்பு மாசத்துல பகல்ல போண்டா கேக்குற. நம்ம கடையே சாயந்தரம்தான் தெறக்குறோம். வர்ற அம்மாவும் நோன்புதான் வச்சிருப்பாங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். நோன்பு இருக்கிறவர் முன்னால் போண்டாத் தட்டை நீட்டியிருப்பேன். இன்னும் என்னவெல்லாம் மறந்திருக்கிறேனோ.

சூட வாசனை போகவே மாட்டேன் என்கிறது. கடையில் வாசனைத் தெளிப்பான் வாங்கி அடித்தேன். மல்லிகை வாசம் என்று போட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. இப்போது சாட்சாத் கோயில் மாதிரியே மணக்கிறது. ஜன்னல்களை எல்லாம் திறந்து போட்டிருக்கிறேன்.

மின்விசிறி கத்துகிறது.

மார்ச் 6, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதிவிட வேண்டும்.

புவான் ரொஹானா சொன்ன நேரத்துக்கு வந்தார். நல்ல மனுஷி, சிரித்த முகம். கூட ஒரு டிரைவர். காந்திமதி வந்திருந்தாள், தாமான் பெண்கள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். யாரும் பழம் கொண்டு வரவில்லை, பூ வைக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். வாசலில் மட்டும் அத்தனை பேர் செருப்பும் வரிசையாகக் கிடந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. அருங்காட்சியகத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்று எங்கே இருக்கிறது? புவான் அந்த வரிசையை ஒரு பார்வை பார்த்தார். தன் காலணியையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

தொட்டில் கொக்கிகளைப் பார்த்து நெடுநேரம் நின்றார். இதில் உங்களையும் போட்டு ஆட்டினார்களா என்று மலாயில் கேட்டார். ஆமாம், என் அம்மாதான் ஆட்டினாள், ஒரே சமயத்தில் கையால் ஒரு தொட்டில், காலால் ஒரு தொட்டில் என்றேன். சிரித்தார். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்புறம் ஜன்னலோரம்.

கல்லைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாக இழுத்தார். பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சைப் பிடித்தது எனக்குக் கேட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்து, காக் என்று மலாயில் அக்கா முறை வைத்து, நேராகவே கேட்டார்: "காக், இதை யாராவது கும்பிடுகிறார்களா?"

"இல்லை புவான். கத்தி தீட்டுகிற கல்தான்."

சொல்லிவிட்டேன். தயங்கக்கூட இல்லை. ஒத்திகை பார்த்து வைத்தது போல வந்துவிட்டது. காந்திமதி என் பக்கத்தில்தான் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. புவானுக்குக் கல் ரொம்பப் பிடித்துவிட்டது. இத்தனை வருஷம் இத்தனை பேர் தீட்டித் தேய்ந்த கல், இதைப் போல ஒன்று எங்கேயும் பார்த்ததில்லை என்றார். சிரம்பானில் பழைய தோட்ட வாழ்க்கை பற்றிக் கண்காட்சி வைக்கிறார்களாம், அதற்கு இது வேண்டுமாம். வியாழக்கிழமை வண்டி அனுப்புகிறேன், சம்மதம்தானே என்றார். கேலரி விஷயம்? "பார்க்கலாம் காக், நல்லபடியாகத்தான் இருக்கும்" என்றார்.

சம்மதம் என்று தலையாட்டினேன். கும்பிடாத கல்லைக் கொடுக்க மாட்டேன் என்று என்ன காரணம் சொல்வது?

கார் போனதும் பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 7, சனி

தலைவலி. இரண்டு பனடோல்.

காந்திமதியின் போன். "சாமிய ஆபீசு சாமான்னு எழுதிக் குடுத்துட்டீங்க."

"கொட்டகைய இடிச்சிட்டா அந்தச் சாமிய எங்க வைப்ப? ஒன் காருலயா?" என்றேன். கோபத்தில் வந்ததுதான். கோபத்தில் எனக்கு நல்ல நல்ல கேள்வியாக வரும்.

"நட்டு வச்ச எடத்துல வைங்கக்கா. நீங்கதான் அந்த எடத்தப் பாத்துட்டீங்கல்ல."

போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவளுக்குக் காஜாங்கில் கடை இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? பிள்ளைகள் சிங்கப்பூரில். காலையில் எழுந்ததும் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு போக ஒரு இடம் இருப்பதால்தான் நான் மனுஷியாக நடமாடுகிறேன். கொட்டகை போய்விட்டால் நாள் பூராவும் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இதை இவரிடம்கூடச் சொன்னதில்லை.

மார்ச் 9, திங்கள்

இவர் ஒரு யோசனை சொன்னார். "நம்ம வீட்டு அம்மிக்கல்ல குடுத்து அனுப்பிடுவோம்லா. வண்டிக்காரனுக்கு என்னா தெரியப் போவுது?"

புவான் படம் எடுத்திருக்கிறார், விரல் வைத்துப் பார்த்திருக்கிறார் என்றேன்.

"அப்ப அம்மியில ஒரு பள்ளம் வெட்டிருவோம்."

கேட்கும்போதே சிரிப்பு வந்தது. ஆனால் கேட்டுவிட்டு அரை மணி நேரம் நிஜமாகவே யோசித்தேன், உளி எங்கே இருக்கிறது என்றுகூடத் தேடினேன். அப்போதுதான் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு பொய்யை நிறுத்த அம்மியைக் குடைகிற அளவுக்கு வந்தாயிற்று.

புவானுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். மலாயில் எழுதி, அழித்து, எழுதி, அழித்து. கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: புவான், வெள்ளிக்கிழமை நான் சொன்னது முழுசாக உண்மை இல்லை. அது கத்தி தீட்டுகிற கல்தான். ஆனால் எங்கள் ஆட்கள் அதைக் காவல் சாமியாகவும் நட்டு வைத்திருந்தார்கள். நான் தெரியாமல் உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டேன். அதைச் சிரம்பானுக்கு அனுப்ப முடியாது. கேலரிக்குள்ளும் வைக்க மாட்டேன். இருந்த இடத்துக்கே கொண்டுபோய் வைக்கப் போகிறேன். கேலரியை மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

 இரண்டு நீலக் குறி வந்துவிட்டது. படித்துவிட்டார். பதில் இல்லை.

மார்ச் 11, புதன்

பதில் இல்லை. போனைக் குளியலறைக்குக்கூட எடுத்துக்கொண்டு போகிறேன்.

என்ன என்ன நடக்கலாம்:
– கோபித்துக்கொண்டு கேலரியைத் தள்ளிவிடுவார்
– வேறு இலாகாவுக்குச் சொல்லிவிடுவார்
– நோன்பு அசதியில் படித்துவிட்டு மறந்திருப்பார்
– வண்டி வராது
– வண்டி வரும், கல்லைக் கேட்கும், நான் என்ன சொல்வேன்?

காந்திமதிக்குப் போன் செய்தேன். செய்ததை எல்லாம் சொன்னேன்.  அப்புறம், "காலைல நேரத்தோட வந்துடுறேங்க்கா" என்றாள்.

மார்ச் 12, வியாழன்

விடியும் முன்பே எழுந்துவிட்டேன். பழைய காலத்தில் ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடுவதற்கு, கிளம்பின நேரம். வானத்தில் மேகம். மழைக்கு மூட்டம் போடுகிறது.

காந்திமதி வந்தபோது இவர் தள்ளுவண்டியோடு தயார். கல்லைப் பலகையிலிருந்து இறக்க மூன்று பேரும் பிடிக்க வேண்டியிருந்தது. பழைய வேட்டி விரித்து வண்டியில் வைத்தோம். செம்பனைக்குள்ளே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். 

முருங்கைக்குக் கீழே குழி தோண்டி, கல்லை நிமிர்த்தி நட்டோம். படுத்திருந்தபோது சின்னதாகத் தெரிந்தது. நின்றபோது அப்படி இல்லை. பள்ளம் என் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்தது, குனிந்து கையை நீட்டினால் தொடுகிற மாதிரி.

"வேலைக்கிப் போறதுக்கு முன்னால ஒரு இழுப்புக்கா" என்றாள் காந்திமதி.

"நான் பால் வெட்டினதே இல்லையே. எங்கம்மாவும் வெட்டினதில்ல."

"வேலை செய்யறதானே? எத வச்சிச் செய்யிறியோ அத இழு."

முதல் தடவையாக என்னை நீ என்று பேசினாள். கைப்பையிலிருந்து தையல் கத்திரியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். இவர் பையைத் தடவிப் பார்த்து லோரிச் சாவியை எடுத்தார். லோரியை விற்று எவ்வளவோ காலமாயிற்று, சாவியை மட்டும் ஏன் வைத்திருக்கிறார் என்று இன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. அவரும் ஒரு இழுப்பு. நான் கொட்டகைச் சாவியை எடுத்தேன். பள்ளத்தில் வைத்து இழுத்தபோது கரகரவென்று கை வழியாகத் தோள் வரைக்கும் ஏறியது. அழுதுவிட்டேன். அம்மாவை நினைத்தா, பயத்திலா, தெரியவில்லை.

பத்து மணிக்கு வண்டி வந்தது. சின்ன லோரி, அன்றைக்கு வந்த அதே டிரைவர். பின்னால் நீளமாகத் துணி சுற்றின ஏதோ ஒன்று. இறக்கிச் சுவரில் சாய்த்தார். துணி விலகின இடத்தில் எழுத்து தெரிந்தது. கேலரி. பெயர்ப் பலகை. எங்கள் பெயர்ப் பலகை.

தொடப் போனேன். அதற்குள் டிரைவர், "கல் எங்கே காக்?" என்றார்.

கை அப்படியே நின்றுவிட்டது. கல் இல்லை என்று சொன்னால் பலகையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விடுவாரோ? காந்திமதி வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் திருகாணி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், அவருக்கு எப்போதுமே நம்பிக்கை.

"இங்கே இல்லை. வேலைக்குத் திரும்பப் போய்விட்டது" என்றேன் மலாயில்.

டிரைவர் வெறுமையாக இருந்த ஜன்னலோரப் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே போய்ப் போன் பேசினார். அந்த நேரம் எவ்வளவு என்று தெரியாது, எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. ஆமாம் புவான், இல்லை புவான், வேலைக்குப் போய்விட்டதாம் புவான். அவ்வளவுதான் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் புவான் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. சிரித்தாரா, திட்டினாரா என்றும் தெரியவில்லை. டிரைவர் உள்ளே வந்தார்.

"ஏணி இருக்கிறதா காக்? பெயர்ப் பலகையை மாட்ட வேண்டும்."

மாட்டியாயிற்று. இவர் மாட்டினதால் இடப்பக்கம் கொஞ்சம் இறக்கம். மழை வந்துவிட்டது, முதல் மழை, தகரம் அதிருகிறது. டிரைவர் போய்விட்டார். புவானிடமிருந்து இதுவரை ஒரு எழுத்தும் வரவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. ஓடையில் தண்ணீர் ஏறினால் அந்தச் சிவப்புக் குச்சிகளை இந்தப் பக்கமாக நகர்த்துவார்களோ என்று ஒரு யோசனை இப்போது புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது. மழை விட்டதும் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜன்னலோரப் பலகையில் கல் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. அதன் முன்னால் என் பழைய அட்டை.

"இத எடுத்துப் போட்டுறவா?" என்று இவர் கேட்டார்.

வேண்டாம் என்றேன். திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுதினேன்:

'இங்கே இருந்தவர் வேலைக்குப் போயிருக்கிறார். பார்க்க வேண்டுமென்றால் கீழே ஓடையோரம், முருங்கை மரத்தடி. முதலில் வந்தவர்கள் குடியிருந்த இடமும் அதுதான்.'

செருப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அங்கே போனால் அவர்களே கழற்றிக்கொள்வார்கள்.